சுகர் மாத்திரைக்குப் பயந்து கிட்னியை இழக்காதீர்கள்

"சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் கிட்னி போயிடும்" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அதை நம்பி மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் பாதியில் விடுகிறவர்கள் நிறைய. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதல் காரணமே கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான். அடுத்தது இரத்த அழுத்தம். இவற்றுக்கான மாத்திரையைத் தானாக நிறுத்துவதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

இந்தப் பயம் வந்த வழியும் புரிகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவான இ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே போனால் டாக்டர்கள் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார்கள். பழுதான சிறுநீரகத்தால் அந்த மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது, அதனால் நிறுத்துகிறார்கள். வீட்டில் உள்ளவர்களோ மருந்துதான் பழுதாக்கியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கவும் செய்கின்றன.

இன்னொன்று, பலரும் சந்தோஷப்பட்டு ஏமாறும் இடம். பல வருஷம் ஏறியே இருந்த சர்க்கரை, மருந்தைக் கூட்டாமலே இறங்கத் தொடங்கும். "சுகர் குணமாயிடுச்சு" என்பார்கள். இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் அதிக நேரம் தங்கிச் சர்க்கரையை இறக்கிவிடும். காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்கினால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உடனே பாருங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கிறது. "மூட்டு வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்றால், அட்டையிலிருந்து வெட்டிய நாலு மாத்திரை பேப்பர் கவரில் வரும். பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயை விரித்து வைக்கும் சுரப்பை இவை தடுக்கின்றன. இரத்த ஓட்டம் குறைகிறது. நல்ல ஆரோக்கியம் உள்ளவர் என்றைக்கோ ஒன்று போட்டால் பொதுவாகத் தாங்கிக்கொள்வார். டெல்மிசார்டனும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் அறுபது வயதுக்காரர், வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து இதையும் தினமும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். இப்படிப்பட்டவர்கள் வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். பாராசிட்டமால் சரியான அளவில் இதைவிடப் பாதுகாப்பானது. வயல் வேலை, கட்டட வேலை, உப்பள வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது.

"இயற்கைதானே" என்று நம்பிச் சாப்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. கேரளத்தில் கொழுப்பு குறைய இரும்பன் புளிச் சாற்றை அடர்த்தியாகக் குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பாதரசம் கலந்த சிவப்பழகுக் கிரீம்களாலும், சில நாட்டு மருந்துகளாலும் சிறுநீரில் புரதம் கொட்டும் நோய் வந்தவர்களும் உண்டு. பெயரும் சரக்கும் தெரியாத பொடியை, யார் கொடுத்தாலும் சரி, வாயில் போடாதீர்கள்.

உப்பைப் பற்றி ஒரே வார்த்தை: இந்துப்பும் சோடியம்தான். அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் கணக்கில் சேரும்.

அப்புறம், பரிசோதனை. கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தவுடன் நிம்மதியாகிவிடுகிறோம். பாதித் திறன் போன பிறகும்கூட அந்த எண் நார்மலாகவே காட்டலாம். அதற்கு முன்பே துப்புக் கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். நுரை அடங்காமல் நிற்பது ஓர் அறிகுறி, ஆனால் அது வரும்வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் இ.ஜி.எஃப்.ஆரும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்திருந்தால் நீங்களும் பாருங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது ஆல்புமின் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஒருமுறை அதிகம் வந்ததும் பதற வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்வார்.