ட்ஸ்கால்டுபோவில் ஒரு நாள்: சோவியத் காலத்துப் பாழ் மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

என் மகள் ஜார்ஜியாவில், குட்டாயிசி நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இப்போது நிறைய. பார்க்கப் போகிற பெற்றோர்கள் திபிலிசி, பாத்துமி கடற்கரை, பனிமலை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். குட்டாயிசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் ட்ஸ்கால்டுபோ என்ற ஊற்றுநீர்க் குளியல் ஊரை யாரும் சொல்வதில்லை. 34 வருடம் பொதுப்பணித் துறையில் கட்டடங்களோடு வாழ்ந்தவன் நான். அந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும், அங்கே எப்படி நடக்க வேண்டும் என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

போவதற்கு முன் அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போனால் இடிந்த சுவர்தான் கண்ணில் படும். அந்தப் பெயருக்கே வெதுவெதுப்பான தண்ணீர் என்று பொருள் சொல்கிறார்கள். ரேடான் என்ற லேசான கதிரியக்க வாயு கலந்த ஊற்று நீர் 33 முதல் 35 டிகிரி வெப்பத்தில் தானாக வருகிறது. காய்ச்சவும் வேண்டாம், ஆற்றவும் வேண்டாம், அப்படியே இறங்கிக் குளிக்கலாம். ஜார்ஜியா அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. தொழிலாளிக்கு ஓய்வெடுக்கும் உரிமை உண்டு என்று 1936ஆம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தின் 119ஆம் பிரிவு சொன்னது. அதற்காகச் சானடோரியங்கள் இருக்கும் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். சானடோரியம் என்றால் ஆஸ்பத்திரியும் விடுதியும் சேர்ந்த மாதிரி ஓர் இடம். 'பூத்யோவ்கா' என்று ஒரு சீட்டு. அது கையில் இருந்தால் எங்கோ தூரத்து ஆலையில் வேலை செய்கிறவரும் சில வாரம் இங்கே வந்து மூட்டுவலிக்குக் குளித்துவிட்டுப் போகலாம். உலோகத் தொழிலாளர்களுக்கு மெட்டலுர்கி, சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஷாக்தியோரி என்று தொழிலின் பெயரிலேயே மாளிகைகள் நின்றன. நான் சொல்வது சாதாரணக் கட்டடம் இல்லை. நம் ஊர்ப் பழைய அரண்மனை அளவுக்குத் தூண்களும் வளைவுகளும் படிக்கட்டுகளும் உள்ளவை.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. சீட்டும் நின்றது, ஆட்கள் வருவதும் நின்றது. அடுத்த வருடமே, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற அப்காசியா பகுதியில் போர். 1993 செப்டம்பர் 27 அன்று அதன் தலைநகரான சுகுமி பிரிவினைப் படைகளிடம் விழுந்தது. அந்தப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் காலி மாளிகைகளில் குடியமர்த்தினார்கள். நோயாளி சில வாரம் தங்கக் கட்டிய அறையில் ஒரு குடும்பம் 20, 25 வருடம் வாழ்ந்தது. பால்கனியைத் தகரத்தால் அடைத்துச் சமையலறை ஆக்கினார்கள், ஜன்னல் வழியாக அடுப்புப் புகைக்குழாயை வெளியே விட்டார்கள். இப்போது பலருக்கு அரசு புது வீடு கொடுத்துவிட்டது. ஆனால் எல்லா அறையும் காலி என்று நினைத்துப் போகாதீர்கள்.

சரி, வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது? இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு ஏற்பாட்டாளர் ஒரே நாளில் சியாத்தூரா, கட்ஸ்கி கல்தூண், பிரொமெதியஸ் குகை, ட்ஸ்கால்டுபோ எல்லாம் காட்டுகிறேன் என்றார். வேனிலேயே பொழுது போய்விட்டது. ட்ஸ்கால்டுபோவுக்குக் கிடைத்தது 40 நிமிடம், அதுவும் இருட்டப்போகும் நேரத்தில். இரண்டு நாள் கழித்து வேறொரு வழிகாட்டியோடு மறுபடி போனேன்.

எனவே பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: இந்த வாரம் எந்தக் கட்டடங்களுக்குள் போகலாம்? அரசு இந்த மாளிகைகளை ஒவ்வொன்றாக முதலீட்டாளர்களுக்கு விற்றுவருகிறது. போன வருடம் திறந்திருந்தது இந்த வருடம் வேலிக்குள் இருக்கும். முந்தின நாள் காவலாளியிடம் பேசிவைக்கிற வழிகாட்டியே சரியான ஆள். ஆட்கள் இருக்கிற கட்டடத்தில் யாரிடம் அனுமதி கேட்பீர்கள் என்றும் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், சும்மா நுழைந்துவிடலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கூட வருகிறவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். பழைய படிக்கட்டில் பதினைந்து பேர் சேர்ந்து ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

(சியாத்தூராவைக் குறை சொல்லவில்லை. மாங்கனீசுச் சுரங்க ஊர் அது. சுரங்கத் தொழிலாளர்களைப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே தூக்கிப்போக 1954 முதல் அங்கே ரோப்கார் ஓடியது. 2021இல் புது ரோப்கார் வந்துவிட்டது, பழைய நிலையங்களையும் பார்க்கலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.)

இனி, என் தொழில் சார்ந்த விஷயம். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தக் கட்டடங்களுக்கு எதிரி வயது அல்ல, தண்ணீர். மேற்கு ஜார்ஜியாவில் மழை அதிகம். மேல்தளம் ஒழுகினால் தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி உப்பும். உப்பினால் கீழ்ப்பக்கக் காரை தகடு தகடாகப் பெயரும். ஆகவே ஓர் அறைக்குள் காலை வைப்பதற்கு முன் மேலே பாருங்கள். கம்பி வெளியே தெரிந்தால் அந்தத் தளத்தின் கீழே நிற்க வேண்டாம், அதன் மேலேயும் நடக்க வேண்டாம். நடந்தே தீர வேண்டும் என்றால் சுவரை ஒட்டி நடங்கள், அறையின் நடுவில் வேண்டாம். படிக்கட்டிலும் அப்படித்தான், சுவர்ப் பக்கம்.

பால்கனியில் கால் வைக்கவே கூடாது. காரணம் சொல்கிறேன். அறையின் தளத்தில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிய பால்கனியில் அது மேல்பக்கம் இருக்கும். மழைத் தண்ணீர் தேங்குவதும் அதே மேல்பக்கம்தான். கீழேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் பால்கனிகூட உள்ளுக்குள் செத்திருக்கும். படம் எடுக்க ஆசையாக இருக்கும், வேண்டாம். என் மனைவி அன்று ஒரு பால்கனிக் கதவைத் திறக்கப் போனாள், நான் கத்திய கத்தலில் வழிகாட்டியே பயந்துவிட்டார்.

அப்புறம், 1990களின் பஞ்சத்தில் குழாய், ரேடியேட்டர், மரத்தரை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள். அதனால் லிஃப்ட் இருந்த இடத்தில் கதவில்லாத பள்ளம் இருக்கலாம், புல்லுக்குள் மூடியில்லாத மேன்ஹோல் இருக்கலாம். ஆளுக்கு ஒரு தனி டார்ச் வேண்டும், போன் விளக்கை நம்ப வேண்டாம். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ. சரளைக்கற்கள் மேல் செருப்பு உதவாது. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுவது சோவியத் நாட்டில் எங்கும் வழக்கம். உடைந்த துண்டுகளை மிதிக்காதீர்கள், தூசி பறக்கும் அறையில் மாஸ்க் போடுங்கள். மழை பெய்த மறுநாள் மொசைக் தரை வழுக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம்; செப்டம்பர், அக்டோபரும் சரி. நாய்கள் வந்தால் ஓடாதீர்கள். காதில் பிளாஸ்டிக் வில்லை தொங்கினால் தடுப்பூசி போட்ட நாய் என்று அர்த்தம்.

நாங்கள் போன வரிசை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மெடெயா சானடோரியம். நீளமான படிக்கட்டு ஏறினால் உயர்ந்த தூண்களும் வளைவுகளும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தது இவேரியா சானடோரியம், அதன் வட்ட வடிவக் கூடத்தில் அரை மணி நேரம் பேசாமல் நின்றேன். பிறகு பூங்காவுக்குள் இருக்கும் 8ஆம் எண் குளியல் மண்டபம். வட்டமான கூரையின் நடுவில் ஒரு பெரிய துளை, கீழே வெளிச்சம் ஒரு தட்டு போல விழுந்து கிடக்கிறது. ஸ்டாலினுக்காகக் கட்டியதாகச் சொல்லும் 6ஆம் எண் மண்டபத்தின் முகப்பில் அவரைச் செதுக்கிய சிற்பம் இன்னும் இருக்கிறது. அங்கே இப்போதும் குளிக்கலாம். இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். மண்சட்டியில் வேகவைத்த பீன்ஸ் 'லோபியோ', சோள ரொட்டி 'ம்சாதி', சீஸ் வைத்த வட்டமான இமெரெத்திக் கச்சாபுரி கிடைக்கும். லோபியோவில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜார்ஜியப் பணத்துக்கு 'லாரி' என்று பெயர், அதைச் சில்லறையாக வைத்திருங்கள்.

மெட்டலுர்கி பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அங்கே உள்ளே போகும் முன் மூன்று வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். 'கமர்ஜோபா' வணக்கம். 'ஷெய்ட்ஸ்லேபா?' என்றால் வரலாமா, எடுக்கலாமா. 'மத்லோபா' நன்றி. கொடியில் காயும் துணியை, ஜன்னலில் தெரியும் குழந்தையைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உடைந்த ஓட்டுத் துண்டைக்கூட நினைவுக்கு என்று எடுத்துவர வேண்டாம்.

முற்றத்தில் ஒரு வயதான அம்மாள் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார். சுகுமியிலிருந்து வந்தவர். புது வீட்டுக்குப் போய்ச் சில வருடம் ஆகிவிட்டதாம். கொடி அவர் வைத்தது என்பதால் அக்டோபரில் மட்டும் வந்து பறித்துப் போகிறார். வழிகாட்டி மொழிபெயர்க்க, நான் கட்டடப் பொறியாளர் என்று சொன்னேன். "இது இன்னும் எத்தனை வருடம் நிற்கும்?" என்று கேட்டார். சுவர்கள் நிற்கும், தளங்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்று உள்ளதைச் சொன்னேன். தலையாட்டினார். தான் குடியிருந்த அறையின் கதவுக்கு முன்னால் நின்று, ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

அந்தப் படத்தைக் குட்டாயிசியில் பிரிண்ட் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். நீங்களும் யாரையாவது எடுத்தால் அப்படிச் செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான்.