சிங்கப்பூர் அடுக்குமாடியில் அண்டைவீட்டாருடன் பழகுவது எப்படி? புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு, அதாவது வீவக வீட்டுக்குக் குடிவருபவர்கள், பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள் என்பது முழுக்கத் தற்செயலாக அமைவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக்கலவரங்களைக் கண்ட நாடு இது. ஓரினத்தார் ஒரே வட்டாரத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக அரசு 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. இப்போதைய வரம்பின்படி ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கும், இந்தியரும் பிற இனத்தாரும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்கும் மேல் இருக்க முடியாது. எனவே உங்கள் சுவருக்கு அப்பால் சீனக் குடும்பமோ மலாய்க் குடும்பமோ இருப்பதே வழக்கம். உரசல் வரக்கூடும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் குடியிருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பண்பாட்டு மோதல் என்று பெரிதாகப் பேசப்படுபவற்றில் பெரும்பாலானவை வாசனை, ஓசை, பொதுவழி, நேரம் ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. அடுத்த வீட்டுக்காரர் எதற்காக ஒன்றைச் செய்கிறார் என்று தெரியாதபோது, நம்மைச் சீண்டத்தான் செய்கிறார் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இனத்தின் பெயர் சண்டைக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான்.

சமையல் வாசனை

2011 ஆகஸ்டில் ஒரு நாளிதழ்ச் செய்தி நாட்டையே கொதிப்படைய வைத்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்தால் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைத் தாங்க முடியவில்லை. இந்தியக் குடும்பத்தினர் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு சமைத்தும் பயனில்லாமல், விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்றும், அதற்கு ஈடாக அவர்களும் அந்தக் கறியைச் சுவைத்துப் பார்ப்பது என்றும் முடிவானது. இது நடந்தது செய்தி வருவதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு. அந்த முடிவும் மத்தியஸ்தர் திணித்ததன்று, இரு தரப்பும் தாமாக ஒத்துக்கொண்டது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு கிளம்பியது. பல்லாயிரக்கணக்கானோர் இன வேறுபாடின்றி ஆதரித்தார்கள்.

அந்த ஆதரவைப் பார்த்து, கறி விஷயத்தில் நமக்கு வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாடே உங்கள் பக்கம் நின்றாலும், காலையில் மின்தூக்கியில் எதிரே நிற்கப்போவது அதே அண்டைவீட்டுக்காரர்தான். காய்ந்த மிளகாய் வறுப்பது, கருவாடு பொரிப்பது, சாம்பிராணி போடுவது ஆகிய மூன்றும் நெடுந்தூரம் எட்டும். அந்த நேரத்தில் பொதுவழிப் பக்கத்துச் சன்னலை மூடி, வெளிச்சுவர்ப் பக்கத்துச் சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் புகை அந்தப் பக்கம் வெளியேறும்படி திருப்பி வையுங்கள். அன்றாடச் சாம்பாருக்கும் குழம்புக்கும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பெலாச்சான் என்னும் இறால் விழுதை வதக்கும் மணமோ டுரியான் மணமோ உங்கள் வீட்டுக்குள் வரும் நாளும் உண்டு. கருவாடு பொரிப்பவர்கள் அதைப் பற்றி முகம் சுளிப்பது அழகாக இருக்காது.

நாள்காட்டி

குடிவந்த வாரமே மூன்று சமூகங்களின் முக்கிய நாள்களையும் சமையலறை நாள்காட்டியில் குறித்து வைப்பது, பின்னால் நடக்கும் எந்தச் சமரசத்தையும்விடப் பயன் தரும். சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி வரும். மறைந்தவர்களின் ஆவிகள் உலவும் மாதம் என்று நம்புபவர்கள் புல்தரை ஓரத்தில் சோறு, ஆரஞ்சுப்பழம், ஊதுவத்தி வைத்துப் படைப்பார்கள். காகிதப் பணத்தை எரிப்பார்கள். படையலை மிதிக்காமலும் தாண்டாமலும் சுற்றிப் போகும்படி குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். மாலையில் காயும் துணிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். எரிப்பதற்கு, குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம் தொட்டிகள் வைத்திருக்கும். அதற்கு வெளியே எரித்துப் புகை உங்கள் வீட்டுக்குள் வந்தால், கும்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் அந்த நேரத்தில் போய் வாதாடாமல் நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணத்துக்காகக் கொம்பாங் என்னும் கைமுரசு முழங்கும்; இன்னொரு வாரம் சீனர் வீட்டுத் துக்கம் சில நாள்கள் நீடிக்கும். கீழே துக்கம் நடக்கும்போது உங்கள் வீட்டுப் பிறந்தநாள் பாட்டின் ஒலியைக் குறைத்துக்கொள்வது யாரும் சொல்லாமலே செய்ய வேண்டியது. தீபாவளிப் பலகாரத்தை மலாய்க் குடும்பத்துக்குக் கொடுக்க விரும்பினால், ஹலால் முத்திரையுள்ள கடைப் பொட்டலமோ முழுப் பழங்களோ அவர்களைத் தர்மசங்கடத்தில் விடாது. ரமலான் மாதத்தில் பகலில் கொண்டுபோய் நீட்டாமல், மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், நோன்பு துறக்கும் வேளைக்குக் கொடுங்கள்.

நம் பக்கத்தில் சிக்கலாவது புதுமனை புகுவிழாதான். விடியற்கால முகூர்த்தம், மணியோசை, ஹோமப் புகை மூன்றும் ஒன்றாக வருகின்றன. அண்டைவீட்டு ஓசை குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்க வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்தது. எட்டு மணிக்குப் பிறகு நல்ல நேரம் கேட்டால் பெரும்பாலான குருக்கள் பார்த்துக் கொடுப்பார்கள். விடியலில்தான் செய்தாக வேண்டும் என்றால், மூன்று நாள் முன்னதாக மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள வீடுகளுக்கு ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு சீட்டுக் கொடுங்கள்: “வெள்ளிக்கிழமை காலை 5 முதல் 6.30 வரை எங்கள் புது வீட்டில் பூசை நடக்கிறது. மணியோசையும் சிறிது புகையும் இருக்கும். தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணில் அழையுங்கள்.” 2018 ஜூனுக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், ஹோமகுண்டத்தை அதன் நேர்கீழே வைக்காதீர்கள். கோலம் யாருக்கும் இடையூறாகாது. பொதுவழியில் செருப்பு அலமாரி வைத்தால் மட்டும் 1.2 மீட்டர் அகல வழி விட்டே ஆக வேண்டும்.

சண்டை வந்துவிட்டால்

2021இல் ஓர் இந்து இளைஞர் வாசலில் நின்று பூசைமணி அடிக்க, அடுத்த வீட்டுப் பெண் வெளியே வந்து சேகண்டியை ஓங்கித் தட்டும் காணொளி பரவியது. அப்படிப்பட்ட நேரத்தில் கைப்பேசியில் படம் பிடிப்பது சான்றுக்காக இருக்கட்டும். வலைத்தளத்தில் ஏற்றிய பிறகு இரு குடும்பமும் சமாதானமாவது மிகக் கடினம்.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். தொந்தரவு நடந்துகொண்டிருக்கும்போது போகாமல், மறுநாள் மாலை, வீட்டில் பெரியவர் ஒருவருடன் போவது நல்லது. எதிர்வீட்டு மூதாட்டிக்கு மாண்டரினோ ஹொக்கியனோ மட்டுமே தெரிந்திருக்கலாம். அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். “நீங்கள் சீனர்கள் எப்போதும்” என்று தொடங்கும் வாக்கியம் அங்கேயே பேச்சை முடித்துவிடும். “இரவு பதினொரு மணிக்கு உரலில் இடிக்கும் ஓசையில் குழந்தை விழித்துக்கொள்கிறது” என்றால், அவர் பதில் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது.

அது பலிக்கவில்லை என்றால், 1998 முதல் இயங்கும் சமூக மத்தியஸ்த நிலையத்தை நாடலாம். பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் அமர்ந்து இரு தரப்பையும் பேசவைப்பார்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அங்கே பேசியவை வெளியே போகாது. அதற்குள் ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், நடந்தது என்ன என்பதை மட்டும் எழுதி வையுங்கள். அதுவும் தோற்றால், 2015இல் தொடங்கப்பட்ட சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் இருக்கிறது. அது 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேச வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் குறிப்பேடு கைகொடுக்கும்.

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து ஆண்டுகள், முடியாமல் பொதுவாக விற்க முடியாது. அது முடிந்தாலும், புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தால் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது என்பதால் வாங்குவோர் எண்ணிக்கை குறையும், விலையும் இறங்கக்கூடும். வரம்பு நிலவரத்தை வீவக இணையத்தளம் மாதந்தோறும் புதுப்பிக்கிறது. முகவரை அழைப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.