ஃபுல்ஃபிரேமா, கிராப்பா: பணத்தைப் பாடியில் கொட்டுவதற்கு முன்

கல்யாண சீசன் தொடங்கினால், கேமரா வாங்கப்போகிற போட்டோகிராஃபர் தம்பிகளிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, ஃபுல்ஃபிரேம் எடுத்துடலாம்னு இருக்கேன்." சரி, என்ன லென்ஸ் என்று கேட்டால் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அப்புறம் "இருக்கறத வெச்சு ஓட்டிக்கலாம்ணே" என்று வரும். நானும் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைத் துரத்திக்கொண்டு திரிந்தவன்தான், அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பேட்டரி சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டில் விட்டுவருவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகச் சரியாகிவிடும், அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. இங்கே சொல்வது லட்சக்கணக்கில் பணம் போன பிறகு தெரியவருகிற தவறுகள்.

அடிப்படை இவ்வளவுதான். படத்தைப் பதிவுசெய்கிற சில்லுதான் சென்சார்; பெரிய சென்சார் ஃபுல்ஃபிரேம், சிறியது கிராப். ஃபுல்ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. நிக்கான், சோனி கிராப் சென்சார் கிட்டத்தட்ட 23.5×15.6 மி.மீ., கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. பரப்பளவில் பெரியது சிறியதைப் போல இரண்டேகால் மடங்கு. அந்தப் பரப்பு முழுவதிலும் வெளிச்சம் விழுந்தால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஃபுல்ஃபிரேமுக்கு என்று நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்த ஒரு ஸ்டாப் சொச்சத்துக்குத்தான்.

பட்ஜெட் முழுக்க பாடிக்கு, முன்னால் பழைய கிராப் லென்ஸ்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு இஎம்ஐ போட்டு ஃபுல்ஃபிரேம் சோனி ஏ7 த்ரீ எடுத்த ஒரு தம்பி, அதன் முன்னால் தன் பழைய கிராப் கேமராவோடு வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணம் முழுவதும் எடுத்து முடித்துவிட்டான். லென்ஸ் மாட்டுகிற மவுண்ட் ஒன்றுதானே, கிளிக் என்று உட்கார்ந்துவிடும். கடைக்காரரும் "தாராளமா போடலாம் தம்பி" என்று சொல்லியிருக்கிறார். போடலாம், அதில் பொய் இல்லை. போட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

கிராப் லென்ஸ் விழவைக்கிற வெளிச்ச வட்டம் சிறியது, ஃபுல்ஃபிரேம் சென்சாரின் மூலைகளை அது எட்டாது. அதனால் கேமராவே சத்தமில்லாமல் கிராப் மோடுக்குப் போய் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படித்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும். கொடுமை என்னவென்றால், உள்ளே கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராவில், கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரே ஒரு குட்டித் திரைதான், வெட்டிய படத்தை அதில் நிறைத்துக் காட்டிவிடும். உள்ளே பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் வரும், முகூர்த்த நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. "தம்பி, ஒரிஜினல் அனுப்புங்க, வாட்ஸ்அப்ல வந்ததை அனுப்பிட்டீங்க போல." அனுப்பியதே ஒரிஜினல்தான். 3,936 பிக்சல் அகலம். 6,000 இருந்திருக்க வேண்டும். நம்ம ஊர் ஆல்பத்தில் 12×36 அங்குல ஷீட்டில் தாலி கட்டும் படத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விரிப்பார்கள். 6,000 பிக்சலை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 166 வரும், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்க அது ஓடிவிடும். 3,936-ஐ இழுத்தால் 109. மாலையில் இருக்கிற பூ எல்லாம் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் அந்த ஷீட்டை இரண்டாகப் பிரித்து, படத்தைச் சின்னதாக வைத்து ஒப்பேற்றினார்கள். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும்.

மெனுவில் அந்த ஆட்டோ கிராப்பை ஆஃப் பண்ணிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பண்ணலாம், நாலு மூலையும் கறுத்து வரும், எடிட்டிங்கில் நீங்களே வெட்டுவீர்கள், திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். ஃபுல்ஃபிரேம் கேனான் ஆர்8-இல் கிராப்புக்கான ஆர்எஃப்-எஸ் லென்ஸ் போட்டாலும் இதே கதை, 24 மெகாபிக்சல் ஒன்பது சொச்சமாக இறங்கிவிடும். உள்ளே கண்ணாடி வைத்த பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கிராப்புக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல்ஃபிரேம் பாடியில் மாட்டவே மாட்டாது, ஏமாற வழியே இல்லை.

பிக்சலை விடுங்கள், இருட்டுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரும் ஃபுல்ஃபிரேம் வாங்குவதே மண்டப இருட்டைச் சொல்லித்தான். ஹோமப் புகை, பின்னால் கலர் லைட், வீடியோக்காரர் தன் லைட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார். எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்; ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் பிரகாசமாகும், ஆனால் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான அழுக்கு, கூடும். கிராப் பாடியில் எஃப் 2.8 லென்ஸோடு 1/200 நொடி, ஐஎஸ்ஓ 1600-இல் எடுக்க முடிகிற படம் என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸ் ஜூம் பண்ணினால் எஃப் 5.6-க்குப் போய்விடும், அதே 1/200-க்கு ஐஎஸ்ஓ 6400 வேண்டும். ஃபுல்ஃபிரேமுக்கே உரிய கிட் லென்ஸாக இருந்தால்கூட, பெரிய சென்சாரின் 6400 சுமாராகக் கிராப்பின் 2800 அளவுக்கு நாய்ஸ் காட்டும். 1600 எங்கே, 2800 எங்கே? லட்சத்துக்கு மேல் கொடுத்தும் பக்கத்தில் நிற்கிற கிராப்காரரிடம் தோற்றாயிற்று. கிராப் லென்ஸைப் போட்டிருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது, 6400-இன் நாய்ஸ் முழுசாக உங்கள் தலையில்.

அதனால் என்னிடம் ஒன்றரை லட்சத்தோடு வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாடி போக ஒரு நல்ல எஃப் 2.8 ஜூமுக்கும் ஜூம் இல்லாத ஒரு எஃப் 1.8 பிரைம் லென்ஸுக்கும் காசு மிஞ்சுமா? மிஞ்சினால் ஃபுல்ஃபிரேம், சந்தோஷமாக. மிஞ்சாவிட்டால் கிராப் பாடி, சிக்மா 18-50 அல்லது டாம்ரான் 17-70, இரண்டுமே எஃப் 2.8, கூட ஒரு சிக்மா 56 எஃப் 1.4. இதை வைத்துக்கொண்டு எந்த மண்டபத்துக்கும் போகலாம். "அடுத்த வருஷம் லென்ஸ் வாங்கிக்கலாம்ணே" என்பவர்கள் அடுத்த வருஷம் வாங்குவதில்லை. ஃபிளாஷ் வாங்குவார்கள், கிம்பல் வாங்குவார்கள், லென்ஸ் மட்டும் தள்ளிக்கொண்டே போகும்.

பின்னால் ஃபுல்ஃபிரேமுக்குப் போவோம் என்று இப்போதே 24-70 லென்ஸ்

இது மேலே சொன்னதன் தலைகீழ். கிராப் பாடியில் 24-70 போட்டால், காட்சி 1.5 மடங்கு நெருங்கி, 36-105 மாதிரிதான் தெரியும். ரிசப்ஷன் மேடையில் சமாளிக்கலாம். பெண் அலங்காரம் நடக்கிற அந்தப் பத்தடி அறையில், கட்டில், பீரோ, நாலு சித்தி, மேக்கப் பெட்டி எல்லாம் போக முதுகு சுவரில் ஒட்டிய பிறகும் ஃபிரேமுக்குள் ஆள் அடங்காது. எப்போதோ வாங்கப்போகிற பாடிக்காக இன்றைக்கு எடுக்கிற படத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல லென்ஸுக்குச் செகண்ட்ஹேண்டில் விலை இருக்கிறது, வேண்டாதபோது விற்றுக்கொள்ளலாம்.

கிராப்பில் எஃப் நம்பரையும் 1.5-ஆல் பெருக்கி எக்ஸ்போஷர் (படத்துக்கு வேண்டிய வெளிச்ச அளவு) போடுவது

போடாதீர்கள். எஃப் 2.8 எங்கே போட்டாலும் எக்ஸ்போஷருக்கு எஃப் 2.8-தான். பின்னணி மங்குவதை ஒப்பிட மட்டும் பெருக்குங்கள்.

கிராப் சென்சார் பறவையைப் பக்கத்தில் கொண்டுவரும் என்ற நம்பிக்கை

வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றுதான் எடுக்க முடியும், கூடு எல்லாம் தண்ணீருக்கு நடுவே மரத்தில். 500 மி.மீ. லென்ஸ் கிராப்பில் 750 ஆகிவிடும் என்பார்கள். லென்ஸ் வழியாக நாரை சென்சாரில் விழுகிற அளவு எந்தப் பாடியிலும் ஒன்றுதான், அந்த நாரையின் மேல் எத்தனை பிக்சல் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. நிக்கான் டி500 கிராப், 20.9 மெகாபிக்சல். டி850 ஃபுல்ஃபிரேம், 45.7. அதைக் கிராப் மோடில் போட்டால் 19.4. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நாரைதான், விலைதான் வேறு. 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேமை வாங்கி வெட்டினால் பத்துதான் மிஞ்சும். பறவைக்கென்றே கேமரா வாங்குகிறவர் கிராப் எடுத்துவிட்டு மிச்சக் காசை நீள லென்ஸில் போடட்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஃபுல்ஃபிரேம் என்றாலே புரொஃபஷனல் பாடி என்று நினைப்பது

கேனான் ஆர்7 கிராப், 2022-இல் வந்தது. இரண்டு கார்டு ஸ்லாட், கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் பாடியிலேயே, பெரிய பேட்டரி. அடுத்த வருஷம் வந்த ஆர்8 ஃபுல்ஃபிரேம், ஆனால் ஒரே ஸ்லாட், பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, சின்ன பேட்டரி. இருட்டில் ஆர்8 படம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரே கார்டு எரர் காட்டினால் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் போகிறவர் முதலில் கார்டு கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் சென்சாரைப் பற்றிப் பேசட்டும்.

எடை

பாடியில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. கடையில் எஃப் 2.8 ஜூம் மாட்டித் தூக்கிப் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று கல்யாணத்தில் தேய்ந்த ஃபுல்ஃபிரேமை வாங்குவது

ஃபுல்ஃபிரேம் கேனான் 5டி மார்க் 3-க்கு ஷட்டர் ஒன்றரை லட்சம் கிளிக் வரை தாங்கும் என்று கணக்கு. நம்மவர்கள் ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் அமுக்குகிறார்கள். ஷட்டர் கவுண்ட் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். காட்டினாலும் உங்கள் லென்ஸை மாட்டி நாலு ஃபிரேம் எடுத்து, பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கேயே லேப்டாப்பில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், ஃபைல் அகலம் எத்தனை பிக்சல் என்பதையும் சேர்த்து.