எரிவாயு இருப்பை அறிக்கையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் புவிச்சரிதவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இலங்கைக்கு வடமேற்கே கடலடியில் இருக்கும் மன்னார்ப் படுகை பற்றி எழுதிய பயிற்சி அறிக்கைகளை அண்மையில் வாசித்தேன். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் விட்ட அதே பிழைகள். கூட்டல் பிழை, எழுத்துப் பிழைகளை இங்கே விடுகிறேன்; அவை யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும்.

வளத்தை இருப்பு என்று எழுதுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். ஓர் அட்டவணையில், 2011இல் கெயான் நிறுவனம் வாயு கண்ட டொராடோவும் பராகுடாவும் மேலே இருந்தன. ஒரு கிணறும் துளைக்கப்படாமல் நில அதிர்வுப் படத்தில் மட்டும் தெரியும் அமைப்புகள் கீழே. எல்லாவற்றையும் கூட்டி, 'இலங்கையின் மொத்த எரிவாயு இருப்பு' என்று ஒரே எண். எழுதிய தம்பியிடம் கேட்டேன். “எல்லாம் நிலத்துக்குக் கீழ கிடக்கிற காஸ்தானே சேர், கூட்டினா என்ன?” என்றார்.

கூட்டக் கூடாது. பி.ஆர்.எம்.எஸ். (பெற்றோலிய வள முகாமைத்துவ முறைமை) என்ற வகைப்பாடு 2007இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. அதன்படி இருப்பு என்றால் துளையிட்டுக் கண்டதாக, வெளியே எடுக்கக்கூடியதாக, விற்றால் கட்டுப்படியாவதாக, இன்னும் எடுக்காமல் மிஞ்சியிருப்பதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் இல்லை. கண்டும் கட்டுப்படியாகும் திட்டம் இல்லாதது நிபந்தனைக்குட்பட்ட வளம். கிணறே இல்லாதது எதிர்பார்ப்பு வளம்.

டொராடோ இருப்பது 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழ்கடலில். கெயான் 2015இல் விட்டுப் போனது. அங்கிருந்து ஒரு கன அடி வாயுகூட விற்பனைக்கு வந்ததில்லை. ஆகவே இலங்கையின் இருப்பு நிரலில் வரவேண்டிய எண் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை எழுதப் பிள்ளைகளுக்குக் கை வருவதில்லை. நாட்டைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கிறார்கள். வலிகாமத்தில் கிணறு வெட்டி, தண்ணீர் உவரா நன்னீரா என்று பார்க்க முன்னம் யாரும் மிளகாய்க் கண்டுக்கு முற்பணம் கொடுப்பதில்லை. டொராடோவுக்குப் பக்கத்தில் அதே 2011இல் துளைத்த டொராடோ நோர்த் கிணற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்பார்ப்பு வளத்தைக் கண்டுபிடிப்பு வாய்ப்போடு சேர்த்துத் தனி நிரலில் போடச் சொல்வது இதனால்தான்.

போலந்தில் நடந்ததைப் பாருங்கள். 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், அந்நாட்டு ஷேல் என்ற களிப் பாறையில் எடுக்கக்கூடிய வாயு 187 ட்ரில்லியன் கன அடி என்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு போலந்தின் புவிச்சரிதவியல் நிறுவனம் சொன்ன வீச்சு ஏறத்தாழ 12 முதல் 27 வரை. இரண்டுமே வள மதிப்பீடுகள். ஆனால் முதல் எண்ணைக் கேட்டவர்கள் அதைக் கையிருப்பாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய கம்பனிகள் துளைத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறின. அரசு மின்நிலையத் திட்டமும் கடனும் இப்படியான எண்ணை நம்பித்தான் போடும். பிறகு அடைப்பது மக்கள்.

தாழ் மதிப்பீடுகளைக் கூட்டுவது

பி90 என்பது உண்மை அளவு அதற்குக் குறையாமல் இருக்க 90 வீத வாய்ப்புள்ள தாழ் மதிப்பீடு. பத்து எரிவாயு வயல்களின் பி90 எண்களை அப்படியே கூட்டினால் வருவது நாட்டின் பி90 அல்ல, அதைவிடக் குறைவு. எல்லா வயலும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அரிது. 10 வீத வாய்ப்பே உள்ள உயர் மதிப்பீடான பி10 எண்களைக் கூட்டினால் மறுபக்கமாக மிகைப்படும். வயல்கள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்று பார்த்து நிகழ்தகவு முறையில் சேருங்கள்.

அலகு

ஒரு கன மீற்றர் 35.3 கன அடி. எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில் அளந்தது என்பதையும் எழுதுங்கள்.

கிணற்று வாயுவும் விற்பனை வாயுவும்

கிணற்று வாயுவோடு கலந்து வரும் காபனீரொட்சைட்டை எரிவாயுவாக விற்க முடியாது. அதைக் கழித்த பிறகுதான் விற்பனை அளவு. கடலில் உள்ள உற்பத்தி மேடையிலேயே எரிபொருளாகப் போவதைத் தனியாகக் காட்டுங்கள்.

'இன்னும் 40 வருடத்துக்குப் போதும்'

இருப்பை ஒரு வருட உற்பத்தியால் வகுத்து இப்படி எழுதாதீர்கள். வயலின் உற்பத்தி வருடாவருடம் ஒரே அளவில் நிற்பதில்லை.

திகதி

எந்த நாளின் நிலவரம் என்று முதற்பக்கத்திலேயே போடுங்கள்.