ஜப்பானிய மூத்த குரல் கலைஞரைப் பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டிராகன் பால்' அனிமேஷன் தொடரின் கோகு என்றதும் ஜப்பானில் எல்லோருக்கும் காதில் ஒலிப்பது நொசாவா மசாகோவின் குரல். இவரைப் போன்ற மூத்தவர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: பாத்திரத்தின் பெயரைப் போட்டுவிட்டு, அது எந்த ஆண்டுத் தொடர் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

அங்கே ஒரே கதையைச் சில ஆண்டுகள் கழித்துப் புதுத் தொடராக எடுப்பார்கள், குரல்களும் மாறும். 'கெகெகெ நோ கிதாரோ'வையே பாருங்கள். 1968இல் கிதாரோவாகப் பேசியவர் நொசாவா. 1985இல் தொதா கேய்கோ, 1996இல் மத்சுஓகா யோகோ, 2007இல் தகாயாமா மினாமி, 2018இல் சவாஷிரோ மியுகி. அந்த 2018 தொடரிலும் நொசாவா இருக்கிறார். ஆனால் இம்முறை கிதாரோவின் அப்பா, கண்விழி உருவில் வரும் மெதாமா ஒயாஜி. "கிதாரோ தொடரில் பேசினார்" என்று ஒற்றை வரியில் முடித்தால், ஐம்பது ஆண்டு கழித்து மகனே அப்பாவாகத் திரும்பி வந்த அழகு தொலைந்துபோகும்.

'முதல்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. டோரேமோனின் முதல் குரல் ஓயாமா நொபுயோ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அவர் வந்தது 1979 தொடரில். அதற்கு முன்பே 1973இல் வேறொரு தொலைக்காட்சியில் டோரேமோன் வந்தது. அதில் முதலில் பேசியவர் தொமிதா கோசேய், பாதியில் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர் இதே நொசாவா.

2005இல் மிஸுதா வசாபி டோரேமோன் ஆனதும் ஓயாமா ஓய்வு பெற்றுவிட்டார் என்று எழுதுவதும் தவறு. 2010இல் வந்த 'டாங்கன்ரோன்பா' வீடியோ கேமில் மோனோகுமா என்ற கொடூரக் கரடிக்குப் பேசியவர் அவர்தான். ஒரு பாத்திரத்தை விட்டு விலகுவது வேறு, தொழிலை விடுவது வேறு.

பெயரைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அதில் குறில் நெடில் பெரும்பாலும் தெரியாது. ஓயாமா என்றால் 'பெரிய' என்ற எழுத்தோடு தொடங்கும் குடும்பப்பெயர். ஒயாமா என்றால் 'சிறிய' என்ற எழுத்தோடு தொடங்குவது. அந்தச் சிறிய எழுத்துப் பெயரையே கொயாமா என்றும் படிப்பார்கள்; 'கோனன்' தொடரில் 2009 முதல் மோரி கொகோரோ என்ற துப்பறிவாளராகப் பேசும் கொயாமா ரிகியா அப்படித்தான். தமிழில் இரண்டு ஒகரமும் இருக்கும்போது இதைக் குழப்ப வேண்டியதில்லை. ஜப்பானிய எழுத்துக்கு மேலே ஒலிக்குறிப்பாகச் சின்னதாக இருக்கும் ஹிராகானாவைப் பார்த்து எழுதுங்கள்.

குடும்பப்பெயரை மட்டும் போட்டு நிறுத்துவதும் ஆபத்து. 'லூப்பன்' முதல் தொடரில், 1971இல், கொஎமோன் பாத்திரத்துக்குப் பேசியவர் ஓத்சுகா சிகாஓ. 2021இல் அதே கதையின் ஜிகேன் பாத்திரத்தை கொபயாஷி கியோஷியிடமிருந்து ஏற்றவர் சிகாஓவின் மகன் ஓத்சுகா அகிஓ. வெறும் 'ஓத்சுகா' என்றால் அப்பாவா, மகனா? மறுபக்கம், குரல் கலைஞர்களான கமியா அகிராவும் கமியா ஹிரோஷியும் உறவினர்கள் அல்லர்.

பழைய தொடர்களின் முடிவுப் பட்டியலில் பல நேரம் கலைஞர்களின் பெயர் மட்டுமே ஓடும், யார் எந்தப் பாத்திரம் என்று இருக்காது. பெயர் இருக்கிறதே என்று பாத்திரத்தை ஊகித்து எழுதாதீர்கள். கலைஞர் சேர்ந்திருக்கும் நிறுவனம் வெளியிடும் குறிப்போடோ, டிவிடி கையேட்டோடோ ஒத்துப்பாருங்கள்.

வயதை ஆண்டு மட்டும் கழித்துச் சொல்வது சின்னத் தவறுதான், ஆனால் அடிக்கடி நேர்கிறது. நொசாவா பிறந்தது 1936 அக்டோபர் 25. 'டிராகன் பால் டைமா' தொடங்கியது 2024 அக்டோபர் 11. அன்று கோகுவாகப் பேசியவருக்கு வயது 88 அல்ல, 87.