முராயும் முள்ளம்பன்றியும்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பிள்ளைகளின் ஒப்பீட்டுப் பாடவேலைக்கு இந்த இரண்டும் நல்ல சோடி. முராய் கம்போங் (தமிழில் குண்டுகரிச்சான் என்ற பறவை) லயத்து வீட்டு வரிசை ஓரம் பாடும். முள்ளம்பன்றி செம்பனைக்குப் பின்னால் மேட்டில் வளை தோண்டும்.

"இரண்டும் துளையில் வாழ்பவை" என்று எழுதுவதுதான் முதல் பிழை. மலாய் மொழியில் எல்லாத் துளையும் லூபாங்தான். தமிழில் பொந்து வேறு, வளை வேறு. முராய் தோண்டாது. மரப்பொந்து, சுவர் இடுக்கு, கூரைச் சந்து என்று கிடைத்த இடத்தில் கூடு வைத்து, குஞ்சுகள் பறந்ததும் விட்டுவிடும். முள்ளம்பன்றி தானே தோண்டிக்கொள்ளும். அதன் பகல்பொழுது வளைக்குள்தான்.

நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பறவைக்கு அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பார்கள். முராய் சுமார் 19 செ.மீ. பாலூட்டிக்குத் தலையும் உடலும் ஒரு கணக்கு, வால் தனிக் கணக்கு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அட்டவணை பொய் சொல்லும். எடையில் இந்தக் குழப்பம் இல்லை: முராய் 40 கிராம் அளவு, முள்ளம்பன்றி சுமார் 8 கிலோ, ஏறக்குறைய 200 மடங்கு.

இணையத்தில் தமிழில் தேடினால் இந்திய முள்ளம்பன்றியின் விவரம் வந்து நிற்கும். அது இன்னும் கனமான வேறு இனம். இங்கிருப்பதன் அறிவியல் பெயர் ஹிஸ்ட்ரிக்ஸ் பிராக்கியூரா. படத்திலும் கவனம்: வால் நீண்டு, வயிறு செம்பழுப்பாக இருந்தால் அது முராய் பத்து, காட்டுப் பறவை.

முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. முள் என்பது தடித்த மயிர். முதுகைக் காட்டிப் பின்னோக்கிப் பாயும்போது எதிரியின் உடம்பில் குத்திக் கழன்றுவிடும். பெயரில் பன்றி இருந்தாலும் இது எலியைப் போலக் கொறிக்கும் இனம்.

குஞ்சும் குட்டியும் பிறந்த அன்றே ஒப்பிடத்தக்கவை அல்ல. முராய் முட்டைகள் ஏறக்குறைய 2 வாரத்துக்குள் பொரியும். குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது, இறகும் இருக்காது. முள்ளம்பன்றிக் குட்டி ஏறக்குறைய 110 நாள் தாய் வயிற்றில் வளர்ந்து, கண் திறந்தே பிறக்கும். முள் மட்டும் மென்மையாக இருந்து பிறகு கெட்டிப்படும்.

காலை ஏழு மணிக்கு இரண்டையும் எண்ணப் போகாதீர்கள். முராய்க்கு விடியல் பாட்டைக் கேட்டால் போதும். இரவில் நடமாடும் முள்ளம்பன்றிக்குத் தடயம்தான் சாட்சி: வளை வாயில் உதிர்ந்த முள், கொறித்த எலும்பு, அடியில் கடிபட்ட செம்பனைக் கன்று. படம் பிடியுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். ஆளில்லாத வளையில் நாகமோ மலைப்பாம்போ குடியேறியிருக்கலாம்.