பீஎச் கணக்கில் சரிபோலத் தோன்றும் தவறுகள்

உயர்தர இரசாயனவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது, நாங்கள் மாணவராயிருந்த காலத்தில் எழுதிய அதே பிழைகள் உருமாறாமல் வந்து நிற்பதைக் காண்கிறேன். யாழ்ப்பாணத்தில் தனியார் வகுப்புகள் பெருகிவிட்டன, அச்சிட்ட குறிப்புகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அயன் சமநிலையில், அதாவது ஐதரசன் அயன் செறிவின் மறை மடக்கையான பீஎச்சைக் கணிக்கும் பகுதியில், விடப்படும் பிழைகள் மட்டும் பழையவையாகவே இருக்கின்றன. கழித்தற்குறியை மறப்பது, மடக்கை அட்டவணையில் பக்கத்து வரியை வாசிப்பது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை விடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாலே பிடிபடுவன. திரும்பிப் பார்த்தாலும் சரியாகவே தோன்றுபவைதான் புள்ளிகளைத் தின்கின்றன.

ஐதான அமிலத்தை மென்னமிலம் எனக் கொள்ளுதல்

லீற்றருக்கு 0.001 மூல் கொண்ட ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீஎச் 3, லீற்றருக்கு 0.10 மூல் கொண்ட அசற்றிக் அமிலத்தின் பீஎச் ஏறத்தாழ 2.87. முன்னது ஐதான வன்னமிலம் (நீரில் முற்றாக அயனாகும் அமிலம்), பின்னது அதனிலும் நூறு மடங்கு செறிந்த மென்னமிலம் (சிறு பகுதியே அயனாகும் அமிலம்). பீஎச்சை மட்டும் பார்த்து எது வன்னமிலம் என்று தீர்மானிக்க முடியாது.

தாக்கத்தை முடிக்காமல் சமநிலைக்குப் போதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுவே; ஆகையால் இதனை இலக்கங்களுடன் விரித்து எழுதுகிறேன். லீற்றருக்கு 0.10 மூல் செறிவுள்ள அசற்றிக் அமிலத்தில் 25 மில்லிலீற்றரை எடுத்து, அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டை அளவியிலிருந்து (பியூரெட்) சேர்க்கிறோம். 10 மில்லிலீற்றர் சேர்த்த பின் பீஎச் என்ன என்பது வினா. மென்னமிலம் ஒன்றைக் கண்டவுடன் மாணவர் ஹென்டர்சன் சமன்பாட்டை (மூலத்தை அமிலத்தால் வகுத்த விகிதத்தின் மடக்கையை, அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் பீகேஏ உடன் கூட்டி பீஎச் காண்பது) எழுதி, அமிலம் 2.5 மில்லிமூல், மூலம் (ஐதரொட்சைட்டு) 1.0 மில்லிமூல் என இட்டு, 4.35 என்று விடை காண்கிறார். ஆனால் அசற்றிக் அமிலமும் ஐதரொட்சைட்டும் தாக்கமுறுவதற்கான சமநிலை மாறிலி 1.8 × 10⁹ அளவில் இருப்பதால், சேர்த்த மூலம் அநேகமாக முழுவதும் தீர்ந்துவிடும். எஞ்சியிருப்பவை 1.5 மில்லிமூல் அமிலமும், புதிதாக உண்டான 1.0 மில்லிமூல் அசற்றேற்றுமே. அமிலத்தின் பீகேஏ பெறுமானமான 4.74ஐக் கொண்டு கணித்தால் சரியான விடை 4.57.

வெறும் 0.22 வித்தியாசத்துக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அதே மாணவரை 25 மில்லிலீற்றர் சேர்த்த நிலைக்குக் கொண்டுசென்று பாருங்கள். அமிலமும் 2.5, மூலமும் 2.5, விகிதம் 1, அதன் மடக்கை பூச்சியம், விடை 4.74. ஒரு மாணவி இந்த விடையின் கீழே இரட்டைக் கோடிட்டிருந்தார். பிழையென்று சொன்னபோது, “சேர், சமன்பாட்டிலை போட்டா விடை வடிவா வருகுதுதானே?” என்றார். வடிவாக வருவதுதான் ஆபத்து. 4.74 என்பது 12.5 மில்லிலீற்றர் சேர்த்த, அதாவது பாதி அமிலம் நடுநிலையாக்கப்பட்ட நிலைக்குரிய பெறுமானம். அமிலமும் மூலமும் சம மூல்களாகச் சேர்ந்த சமவலுப்புள்ளியில் அசற்றிக் அமிலமே எஞ்சாது. 50 மில்லிலீற்றரில் 2.5 மில்லிமூல் சோடியம் அசற்றேற்று மட்டுமே இருக்கும். அதன் நீர்ப்பகுப்பை, அதாவது அசற்றேற்று நீருடன் தாக்கமுற்று ஐதரொட்சைட்டு அயன்களைத் தருவதை, கொண்டு கணித்தால் பீஎச் 8.72 ஆகும். மாணவியின் விடைக்கும் இதற்கும் ஐதரசன் அயன் செறிவில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு இடைவெளி உண்டு.

இந்தப் பிழை தாளோடு நிற்பதில்லை. சமவலுப்புள்ளி 4.74 என்று நம்புபவர், 4.4 தொடக்கம் 6.2 வரை நிறம் மாறும் மெதைல் சிவப்பைக் முடிவை நிறத்தால் அறிவிக்கும் காட்டியாகத் தெரிந்தெடுப்பார். அப்போது 8 மில்லிலீற்றரளவில் தொடங்கும் நிறமாற்றம் 24 மில்லிலீற்றர் வரை இழுபடும். எந்தத் துளியில் அளவியை நிறுத்துவது என்று எவராலும் சொல்ல முடியாது. 8.3 இலிருந்து 10 வரை மாறும் பினோத்தலீன் இங்கு ஏன் பொருந்துகிறது என்பதை மனனம் செய்யத் தேவையில்லை, 8.72 என்ற விடையே அதைச் சொல்லிவிடுகிறது.

கனவளவை மறப்பதும் இதே இடத்திலிருந்துதான் முளைக்கிறது. தாங்கற் கரைசலில் (மென்னமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருந்து பீஎச் மாற்றத்தைத் தாங்கும் கரைசல்) இரு கூறுகளும் ஒரே கனவளவில் இருப்பதால் விகிதத்தில் அது வெட்டுப்பட்டுப் போகிறது. அந்தச் சலுகைக்குப் பழகியவர் சமவலுப்புள்ளியிலும் 50 மில்லிலீற்றரைக் கணக்கில் எடுக்காமல் 8.87 என்று எழுதுகிறார். 30 மில்லிலீற்றர் சேர்த்த நிலையிலும் அப்படித்தான்: மிகையான 0.5 மில்லிமூல் மூலம் 55 மில்லிலீற்றரில் பரந்திருப்பதால் பீஎச் 11.96 ஆகும்; அங்கே அசற்றேற்றின் நீர்ப்பகுப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை.

எனவே எந்தச் சமன்பாட்டையும் எழுதுமுன், மில்லிமூலில் இரண்டு வரிகள் எழுதுங்கள்: தாக்கத்துக்கு முன் என்ன இருந்தது, தாக்கத்தின் பின் என்ன எஞ்சியது. அமிலமும் உப்பும் எஞ்சினால் ஹென்டர்சன்; உப்பு மட்டும் எஞ்சினால் நீர்ப்பகுப்பு; வன்மூலம் மிகையானால் அதன் செறிவு ஒன்றே போதும். வகுப்புக் குறிப்புகளில் இம்மூன்றும் மூன்று தனித்தனி வினா வகைகளாக அச்சிடப்பட்டிருப்பது, என் பார்வையில், இந்தப் பிழைக்குப் பாதிக் காரணம்.

அமிலத்துக்கு பீஎச் 8 கண்டுபிடித்தல்

லீற்றருக்கு 10⁻⁸ மூல் ஐதரோகுளோரிக் அமிலம் என்றால் பீஎச் 8 அல்ல, 6.98. நீரும் தன் பங்குக்கு ஐதரசன் அயன்களைத் தருகிறது.

இரண்டு பீஎச்சுகளின் சராசரியை எடுத்தல்

கூடாது. பீஎச் 2, 4 ஆகவுள்ள இரு வன்னமிலக் கரைசல்களைச் சம கனவளவில் கலந்தால் 2.30 வரும், 3 வராது.

நடுநிலை எப்போதும் 7 என நம்புதல்

அது 25 பாகை செல்சியசுக்கு உரியது. நமது ஆய்வுகூடங்களில் சாதாரணமாக நிலவும் 30 பாகையில் தூய நீரின் பீஎச் ஏறத்தாழ 6.92; ஆயினும் அந்நீர் அமிலத்தன்மை உடையதாகிவிடாது, ஏனெனில் ஐதரொட்சைட்டு அயன்களும் அதே அளவில் கூடியிருக்கும்.

கிணற்று நீரில் கரைசல் தயாரித்தல்

இது குடாநாட்டுக்கே உரிய பிழை. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவதால் அதில் இருகாபனேற்று அயன்கள் நிறைய உண்டு. லீற்றருக்கு 0.003 மூல் இருகாபனேற்று உள்ள நீரில், லீற்றருக்கு 0.001 மூல் ஆகும்படி ஐதரோகுளோரிக் அமிலத்தை ஐதாக்கினால், கணக்கின்படி பீஎச் 3 வரவேண்டும். நடப்பதோ வேறு: சேர்த்த அமிலம் முழுவதும் இருகாபனேற்றில் மூன்றிலொரு பங்கைக் காபோனிக் அமிலமாக மாற்றித் தீர்ந்துபோக, மிஞ்சுவது 6.6 அளவில் நிற்கும் ஒரு தாங்கற் கரைசல். செவ்வரத்தம் பூச் சாற்றைக் காட்டியாகக் கொண்டு வீட்டில் பரிசோதனை செய்யும் பிள்ளைகள், அமிலம் விட்டும் நிறம் சிவக்கவில்லையே என்று முறையிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பூவல்ல, நீர்தான். காய்ச்சி வடித்த நீர் பாடசாலையில் தீர்ந்துவிட்டால், நியமிப்பை (அளவியிலிருந்து சேர்த்து அளக்கும் செய்முறையை) அடுத்த கிழமைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.